தீவில் எழுந்த போட்டி

இருளில் ஒரு கொள்ளிக்கட்டையை விரைந்து சுழற்றினால் அது நெருப்பு வளையமாகத் தோன்றும். இதனைக் ‘கொள்ளிவட்டம்’ என்று முன்னோர் வழங்கினர். விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறு முதலிய ஊர்களில், தீபாவளி இரவில் கம்பி மத்தாப்பைக் கையில் ஏந்திச் சுழற்றும் சிறுவர், இவ்வட்டத்தை ஆண்டுதோறும் காண்கின்றனர். உண்மையில் அங்கே வட்டம் ஒன்றுமில்லை. ஒரு சிறு சுடரே இடம் விட்டு இடம் பெயர்கின்றது. அச்சுடர் ஓரிடத்தை விட்டு நீங்கிய பின்னும், அதனைக் கண்ட உணர்ச்சி கண்ணில் நொடியின் ஒரு சிறு கூறு நிலைத்து நிற்கின்றது. அதற்குள் சுடர் மீண்டும் அவ்விடத்திற்கு வந்துவிடுகின்றது. ஆதலால் புள்ளி வட்டமாகின்றது.

ஓவியங்கள் திரையில் உயிர்பெற்று ஓடுவதும் இதற்கு ஓரளவு ஒப்பானதே. ஒன்றற்கொன்று சிறிதே வேறுபட்ட ஓவியங்களை அடுத்தடுத்து விரைவாகக் காட்டினால், கண் அவற்றைத் தனித்தனியே காண்பதில்லை. மூளை அவற்றை இணைத்து ஒரே இயக்கமாக உணர்ந்துகொள்கின்றது. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. மக்கள் ‘கார்ட்டூன்’ என்று வழங்கும் ஓவியப் படத்தில் ஒவ்வோர் ஓவியத்தையும் இருமுறை படம்பிடிக்கும் வழக்கமும் உண்டு. அவ்வாறு கொண்டாலும், ஒரு நொடி நேரம் ஓர் உருவம் நடப்பதற்குப் பன்னிரண்டு ஓவியங்கள் வேண்டும். இக்கணக்கை உள்ளத்திற்கொண்டு, புகழ்பெற்ற ஓவியப் படம் ஒன்றனை இப்பாடத்தில் ஆராய்வோம். அமெரிக்க நாட்டில் 1936ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளிவந்த ‘மாலுமி பாப்பாய் மாலுமி சிந்துபாத்தைச் சந்திக்கிறான்’ என்பதே அப்படம். அது ஏறக்குறைய 16 நிமிடம் ஓடுவது.

ஓவியத்தை ஒளியால் ஆட்டுவிக்கும் கலை தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. பதப்படுத்திய தோலில் உருவங்களை வெட்டி, வண்ணந்தீட்டி, வெண்டிரைக்குப் பின்னே விளக்கை ஏற்றி, அவற்றின் கையையும் தலையையும் அசைத்துக் கதை நிகழ்த்துவது தோற்பாவைக் கூத்து. தென்பாண்டி நாட்டு ஊர்களில் இராமாயணக் கதை இக்கூத்தில் பல இரவுகள் நடைபெற்று வந்துள்ளது. கடலுக்கு அப்பால் ஒரு தீவு. அத்தீவிற்குக் கவர்ந்து செல்லப்பட்ட ஒரு பெண். அவளை மீட்கச் செல்லும் ஒரு வீரன் என்னும் கதைப்போக்கு தமிழ் மக்கள் நன்கறிந்ததே. பாப்பாயின் படமும் இப்போக்கிலேயே அமைந்தது. எனினும் அது காவியச் சுவை உடையதன்று, நகைச்சுவை உடையது.

சிந்துபாத்து என்பவன் யார்? ஆயிரத்தோர் இரவுகள் என்னும் அரபுக் கதைத்தொகுதியில் இடம்பெற்ற கடல் வணிகன் அவன். அவன் ஏழு முறை கடற்செலவு மேற்கொண்டான் என்றும், ஒவ்வொரு முறையும் புதுமைகள் பல கண்டு மீண்டான் என்றும் அக்கதைகள் கூறுகின்றன. முதற்செலவில் அவன் தீவென்று கருதிக் கால்வைத்தது ஒரு பெருமீனின் முதுகாக இருந்தது. பின்னொரு செலவில் ‘ரோக்’ என்னும் மாபெரும் பறவையைக் கண்டான். ஆறாம் செலவில் அவன் சென்றடைந்த ‘செரந்தீப்’ என்பது இலங்கையே. எனவே சிந்துபாத்து உலவிய கடல் தமிழர் அறியாத கடலன்று.

தமிழ்நாட்டுச் சிறுவருக்குச் சிந்துபாத்து வேறொரு வழியாலும் நெருங்கிய நண்பன் ஆனான். ‘தினத்தந்தி’ நாளிதழில் 1960ஆம் ஆண்டு தொடங்கிய ‘கன்னித்தீவு’ என்னும் படக்கதையின் தலைவன் அவனே. மந்திரவாதி மூசாவால் சிற்றுருவம் ஆக்கப்பட்ட லைலாவை மீண்டும் பழைய உருவம் பெறச்செய்ய வேண்டும் என்பது அக்கதையில் அவனுடைய நோக்கம். இருபதாயிரம் பகுதிகளுக்கு மேலும் வளர்ந்த அப்படக்கதையை, தந்தையும் மகனும் பெயரனும் என மூன்று தலைமுறையினர் படித்தனர். கன்னித்தீவில் சிந்துபாத்து நல்லவன். துன்புற்ற பெண்ணுக்குத் துணையானவன். அமெரிக்கப் படத்திலோ அவனே தீயவன். பெண்ணைக் கவர்ந்து செல்பவன். ஒரே பெயர் ஓரிடத்தில் தலைவனையும் மற்றோரிடத்தில் பகைவனையும் குறிப்பது கதையுலகின் விந்தைகளுள் ஒன்று.

பாப்பாயின் பிறப்பும் நாளிதழிலேயே நிகழ்ந்தது. எல்சி சீகர் என்னும் ஓவியர், தாம் வரைந்து வந்த படக்கதை ஒன்றில் 1929ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் ஒரு மாலுமியைச் சிறு பாத்திரமாகப் புகுத்தினார். ஒற்றைக் கண்ணும், புடைத்த முன்கையும், வாயிற் புகைக்குழாயும் உடைய அம்மாலுமியை மக்கள் பெரிதும் விரும்பினர். சில காலம் வந்துபோக வேண்டியவன் கதைக்கே தலைவன் ஆனான். 1933இல் நியூயார்க்கு நகரத்தில் இருந்த பிளைஷர் உடன்பிறந்தார் அவனைத் திரைக்குக் கொண்டுவந்தனர். அவருள் மாக்ஸ் பிளைஷர் கருவிகளை அமைப்பதில் வல்லவர். டேவ் பிளைஷர் படங்களை இயக்கியவர். நம் நாட்டுப் பசலைக்கீரையை ஒத்த ஒருவகைக் கீரையை உண்டவுடன் பாப்பாய்க்குப் பேராற்றல் பிறக்கும். இதனால் அக்கீரை பெற்ற புகழுக்கு அளவில்லை. அதனைப் பயிரிட்ட டெக்சாசு மாநிலத்து ஊர் ஒன்றில் உழவர்கள் 1937இல் பாப்பாய்க்குச் சிலையே எடுத்தனர்.

இனிப் படத்தின் கதையைக் காண்போம்.

ஒரு திமிங்கிலத்தின் முதுகில் அமைந்த தீவில் சிந்துபாத்து வாழ்கின்றான். சிங்கங்களும், பாம்புகளும், இருதலை அரக்கனான பூலாவும், ரோக் என்னும் பறவையும் அவனுக்கு அடங்கியவை. தன் தீவில் உலாவந்தபடியே, உலகில் தன்னின் மிக்கார் எவரும் இலர் என்று அவன் பாடுகின்றான். அவ்விலங்குகளும் அதற்கு உடன்பட்டு முழங்குகின்றன. அவ்வேளையில் கடலில் ஒரு கப்பல் வருகின்றது. அதில் பாப்பாயும், அவன் காதலி ஆலிவ் ஆயிலும், நண்பன் விம்பியும் உள்ளனர். பாப்பாயும் தன் வலிமையைத் தானே புகழ்ந்து பாடிக்கொண்டுதான் வருகின்றான். அப்பாட்டைச் சிந்துபாத்தால் பொறுக்க இயலவில்லை. கப்பலை உடைத்து, அதிலுள்ள பெண்ணைக் கொண்டுவருமாறு ரோக் பறவையை ஏவுகின்றான். இராமகாதையில் சடாயு பெண்ணொருத்தியைக் காக்கப் போரிட்டு உயிர்துறந்தது. இங்கே பறவையே பெண்ணைக் கவர்ந்து வருகின்றது.

கப்பல் மூழ்கவே, பாப்பாயும் விம்பியும் நீந்திக் கரை சேர்கின்றனர். விம்பிக்கு உலகில் உணவன்றி வேறு நினைவில்லை. இருவர் பொருட்டுத் தீவே அதிரும்போதும், அவன் இறைச்சி அரைக்கும் பொறியைக் கையிலேந்தி ஒரு வாத்தைத் துரத்திக்கொண்டே திரிகின்றான். பாப்பாய் சிந்துபாத்தை எதிர்க்கின்றான். முதலில் ரோக் ஏவப்படுகின்றது. அது பாப்பாயைத் தூக்கிக்கொண்டு எரிமலைக்குச் செல்கின்றது. ஆனால் வறுத்த பறவையாகத் தட்டில் மீண்டு வருகின்றது. அடுத்துப் பூலா வருகின்றான், அவனும் வீழ்கின்றான். இறுதியாகச் சிந்துபாத்தே களம் இறங்குகின்றான். அவன் பிடியில் பாப்பாய் நசுங்கும் நிலையில், சட்டைக்குள் இருந்த கீரைக் குப்பி கைக்கு எட்டுகின்றது. அதன்பின் நிகழ்வதைச் சொல்ல வேண்டுவதில்லை. முடிவில், சிந்துபாத்து தன்னைப் புகழ்ந்து பாடிய அப்பாட்டின் மெட்டிலேயே பாப்பாய் தன்னைப் புகழ்ந்து பாடுகின்றான்.

இம்முடிவு எண்ணிப் பார்க்கத்தக்கது. தீவின் தலைவன் மாறினான்; தற்புகழ்ச்சி மாறவில்லை. சிரித்துக்கொண்டே காண்போர்க்கு, தருக்கு என்பது யார் வாயிலிருந்து வந்தாலும் நகைப்பிற்குரியதே என்பது புலனாகும். மற்றொன்றும் புலனாகும். இருவரும் ஆலிவ் ஆயில் பொருட்டுப் போரிடுவதாகத் தோன்றுகின்றது. ஆயினும் போர் மூண்டதற்குக் காரணம் ஒருவன் பாட்டை மற்றொருவன் பொறாமையே. சிந்துபாத்து அவளுடைய உள்ளம் யாதென்று ஒருமுறையும் வினவவில்லை. தமிழ் இலக்கணம் வகுத்தோர் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பிரித்து ஒதுக்கினர். ஒத்த அன்புடைய இருவர் வாழ்வையே அன்பின் ஐந்திணை எனச் சிறப்பித்தனர். வலியால் கொள்வது அன்பாகாது என்பதே அப்பாகுபாட்டின் உட்கருத்து. சிந்துபாத்தின் தீவில் ஆயிரம் விலங்குகள் அடங்கி நிற்கலாம். அன்பு அங்கே அடங்கி நில்லாது.

கதை இவ்வளவே. இவ்வெளிய கதை இத்தனை ஆண்டுகள் நிலைபெற்றதற்குக் காரணம் அதனை ஆக்கிய முறையே ஆகும். பிறருடைய ஓவியப் படங்களில் பின்புலம் தட்டையான தாளில் வரையப்பட்டது. மாக்ஸ் பிளைஷர் புதியதொரு வழி கண்டார். சிந்துபாத்தின் குகைகளையும் பாறைகளையும் சிறிய மாதிரி உருவங்களாகச் செய்வித்து, சுழலும் மேடை ஒன்றன்மீது அமைத்தார். அம்மேடைக்கு முன்னே, ஓவியம் தீட்டிய ஒளி ஊடுருவும் தகட்டைக் கண்ணாடிகளுக்கு இடையே நிறுத்திப் படம்பிடித்தனர். ஒவ்வொரு படத்திற்கும் மேடையைச் சிறிதே திருப்பினர். அதனால் சிந்துபாத்து நடக்கும்போது அருகிலுள்ள பாறை விரைந்தும், தொலைவிலுள்ள பாறை மெல்லவும் பெயர்கின்றன. பேருந்தில் செல்வோர்க்குச் சாலையோரப் பனைமரம் விரைந்து ஓடுவதும், தொலைவிலுள்ள குன்று அசையாது உடன்வருவதும் போன்ற காட்சி இது. வரைந்த மனிதன் மெய்யான குகைக்குள் நடப்பதாகவே தோன்றும்.

வண்ணமும் குறிப்பிடத்தக்கது. பாப்பாய்ப் படங்களுள் முதன்முதல் வண்ணத்தில் வந்தது இதுவே. ‘டெக்னிகலர்’ என்னும் முறைப்படி, காட்சியைச் செம்மை, பசுமை, நீலம் என மூன்று ஒளிகளாகப் பிரித்துப் பதிந்து, பின்னர் மூன்று சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படச்சுருளில் ஏற்றினர். இம்மூவண்ண முறையை ஓவியப் படங்களில் கையாளும் தனியுரிமை 1935 வரை வால்ட் டிஸ்னியிடமே இருந்தது. அவ்வுரிமை முடிந்த பின்னரே பிளைஷர் நிலையத்தார் அதனைப் பெற்றனர். சிவகாசி அச்சகங்களைக் கண்டோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். ஒரே தாளில் மஞ்சளும் சிவப்பும் நீலமும் கருமையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து முழு வண்ணப் படம் ஆவதை அங்கே காணலாம்.

இனி, தொடக்கத்தில் கூறிய கணக்கிற்கு மீள்வோம். ஒரு நொடிக்கு 24 படமாக 16 நிமிடத்திற்கு 23,040 படங்கள் ஆகின்றன. ஓர் ஓவியத்தை இருமுறை பிடித்தாலும் பதினோராயிரத்திற்கு மேற்பட்ட நிலைகள் வரையப்படல் வேண்டும். ஒரே காட்சியில் இருவர் தோன்றினால் வேலை இன்னும் பெருகும். இவற்றை ஒருவர் வரைதல் இயலுமோ? இயலாது. முதன்மை ஓவியர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைவார். இடைப்பட்ட நிலைகளைத் துணை ஓவியர் நிரப்புவர். வேறு சிலர் அவற்றை ஒளி ஊடுருவும் தகட்டில் மையால் படியெடுப்பர். இன்னும் சிலர் தகட்டின் பின்புறத்தில் வண்ணம் நிரப்புவர். பின்னர் ஒவ்வொரு தகடாக வைத்துப் படம்பிடிப்பர். அதன்மேல் குரலும் இசையும் சேரும். பாப்பாய்க்குக் குரல் தந்தவர் ஜாக் மெர்சர். ஆலிவ் ஆயிலுக்கு மே குவெஸ்டல். சிந்துபாத்துக்குக் கஸ் விக்கி. படத்தின் தொடக்கத்தில் திரையில் காணும் பெயர்களோ மிகச் சிலவே.

பெயர் காணாத அவ்வுழைப்பாளர் நிலை எவ்வாறு இருந்தது? படம் வெளிவந்து ஆறு திங்கள் கழியுமுன், 1937ஆம் ஆண்டு மே மாதத்தில், பிளைஷர் நிலையத்து ஓவியர் பலர் வேலைநிறுத்தம் தொடங்கினர். குறைந்த ஊதியமும் நெடுநேர உழைப்பும் அதற்குக் காரணங்கள். அமெரிக்க ஓவியப் படத் தொழிலில் நிகழ்ந்த முதற்பெரும் வேலைநிறுத்தம் அதுவே. அவர்கள் தெருவில் பதாகை ஏந்தி நின்றனர். பாப்பாயின் பாட்டையே சொல் மாற்றிப் பாடினர். பல இலட்சம் மக்களைத் தாங்கள் சிரிக்கச் செய்வதாகவும், உண்மையில் நகைப்பிற்குரியது தங்கள் ஊதியமே என்றும் பொருள்படும் வாசகம் ஒரு பதாகையில் இருந்தது. அவ்வேலைநிறுத்தம் ஐந்து திங்கள் நீடித்தது. அக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளர் சங்கம் ஒப்புக்கொள்ளப்பட்டது; ஊதியம் உயர்ந்தது; ஊதியத்துடன் விடுப்பும் கிடைத்தது. அடுத்த ஆண்டே நிலையம் நியூயார்க்கை விட்டுத் தெற்கிலுள்ள மயாமி நகருக்குப் பெயர்ந்தது. 1942இல் அந்நிலையம் பிளைஷர் உடன்பிறந்தார் கையை விட்டே நீங்கியது.

சிந்துபாத்தையும் பாப்பாயையும் இவ்வரலாற்றோடு ஒப்பிட்டுக் காணுதல் வேண்டும். திரையில் இருவர், ‘என்னின் வலியார் எவர்?’ என்று முழங்குகின்றனர். ஆனால் அவ்விருவர்க்கும் ஒரு விரலை அசைக்கும் வலிமைகூடத் தமக்கென இல்லை. கூலிக்கு உழைத்த பலர் கை அசைந்தமையாலேயே அவ்விரல் அசைந்தது. ரோக் பறவையைத் தூக்கி எறிந்த கை பாப்பாயின் கையன்று. மேசைமீது குனிந்து நாள்தோறும் கோடிழுத்த பெயரறியா ஓவியரின் கை.

இவ்வுண்மையை உணர்வதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. விருதுநகர் மாவட்டமே இதற்குச் சான்று. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டித் தொழில் பெருகவே, பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் வண்ணப் படங்கள் தேவைப்பட்டமையால் அச்சுத் தொழில் தழைத்தது. அவ்வச்சுத் தொழிலின் மடியிலேயே தமிழ்ப் படக்கதை இதழ்களும் பிறந்தன. 1972இல் ‘முத்து காமிக்ஸ்’ இதழும், 1984இல் ‘லயன் காமிக்ஸ்’ இதழும் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கின. மேலைநாட்டு வீரர் பலர் தமிழ் பேசியது அவ்விதழ்களிலேயே. கந்தகப் பூமி எனப்படும் நிலத்திலிருந்து, வானத்தில் பூக்கும் ஒளியும் தாளில் பூக்கும் ஓவியமும் ஒருங்கே பிறந்தன எனலாம்.

வானில் எழும் வாணம் சில நொடிகளே நிற்கும். அதற்கு ஒருவர் மருந்து கலந்திருப்பர்; ஒருவர் குழாய் சுருட்டியிருப்பர்; ஒருவர் திரி செருகியிருப்பர்; ஒருவர் தாள் ஒட்டியிருப்பர். அவருட் பெரும்பாலோர் மழையை நம்பிய நிலத்தில் விளைச்சல் பொய்த்தபோது இத்தொழிலை நாடிய குடும்பத்தினர்; பெண்டிர் பலர். விபத்து அவர்களை விட்டு நீங்காத அச்சம். பெட்டியின்மேல் பட்டாசின் பெயர் இருக்கும். ஆலையின் பெயர் இருக்கும். திரி செருகியவர் பெயர் இராது. நியூயார்க்கின் ஓவிய மேசைக்கும் சிவகாசியின் பட்டாசுக் கொட்டகைக்கும் இடையே கடல்கள் பல உள. தொழிலின் இடரிலும் வேறுபாடு மிகப் பெரிது. ஆயினும், பிறர் கணநேரம் மகிழ்வதற்காகப் பலர் நாள் முழுதும் உழைப்பதும், அம்மகிழ்ச்சியின்போது அவர் நினைக்கப்படாமையும் ஈரிடத்தும் ஒன்றே.

மகிழ்ச்சி வேண்டா என்பது இதன் கருத்தன்று. சிரிப்பதும், வாணம் கண்டு வியப்பதும் மக்கட் பண்பே. உழைத்தோரும் தம் உழைப்பு மகிழ்ச்சி தருதலையே விரும்புவர். ஆயினும் ஒரு பொருளைத் துய்ப்போர், ‘இதனைச் செய்த கை யாருடையது? அக்கைக்கு உரிய கூலி கிடைத்ததா? அது தீங்கின்றி இல்லம் மீண்டதா?’ என்று ஒருகால் வினவுதல் கடமை. இவ்வினாவை எழுப்பாத மகிழ்ச்சி, பெண்ணின் உள்ளத்தை வினவாத சிந்துபாத்தின் விருப்பத்தைப் போன்றதே. அதில் கொள்ளுதல் உண்டு, அன்பு இல்லை.

இப்படம் 1936ஆம் ஆண்டின் குறும்படங்களுக்கு உரிய ஆஸ்கார் பரிசிற்குப் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு டிஸ்னியின் படம் ஒன்றற்குச் சென்றது. எனினும் காலம் அதனைக் கைவிடவில்லை. பாதுகாக்கத்தக்க படங்களின் வரிசையில் அமெரிக்க நாட்டு நூலகத்தார் 2004ஆம் ஆண்டு அதனைச் சேர்த்தனர். திமிங்கிலத்தின் முதுகில் அமைந்த அத்தீவு இன்றும் அழியாது நிற்கின்றது. அதனை ஆண்டவன் சிந்துபாத்தும் அல்லன். வென்றவன் பாப்பாயும் அல்லன். பதினோராயிரம் முறைக்கு மேல் கோலெடுத்து அதனை வரைந்தவர்க்கே அத்தீவு உரியது.